எல்லா நேரத்துக்கும் ஒரே ஹேவிங்

கோவை, திருப்பூர், ஈரோடு என்று கொங்கு நாட்டின் எந்த ஊரிலும் பன்னிரண்டாம் வகுப்பு தாண்டிய ஒருவரை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலப் புத்தகத்தில் படித்த கதை மறந்திருக்கும். மனப்பாடச் செய்யுள் மறந்திருக்கும், அதை எழுதியவர் பெயரும் மறந்திருக்கும். 'ஹேவிங் ஃபினிஷ்ட் த வொர்க், ஹீ வென்ட் ஹோம்' மட்டும் மறந்திருக்காது. சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று வாக்கியங்களை மூன்றாகப் பிரித்து, ஒன்றை இன்னொன்றாக மாற்றச் சொல்லும் பகுதியில் தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகளைக் கரையேற்றியது இந்த ஹேவிங்தான். கூடவே அதன் தம்பிமார் பீயிங், ஆன் சீயிங், ஆன் ரீச்சிங். இவ்வளவு உபகாரம் செய்த பாடத்தை முறையாகப் புகழ்ந்து யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நன்றி மறப்பது நமக்கு அழகில்லை என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

முதல் புகழ் அதன் எளிமைக்கு. வாக்கியத்தில் 'ஆஃப்டர்' இருக்கிறதா? எடுத்துவிட்டு ஹேவிங் போடு. 'வென்' இருக்கிறதா? எடுத்துவிட்டு 'ஆன்' போட்டு வினையின் வாலில் 'இங்' ஒட்டு. 'ஆஸ்', 'சின்ஸ்', 'பிகாஸ்' வந்தால் பீயிங். 'தோ' வந்தால் 'இன் ஸ்பைட் ஆஃப்'. 'இஃப்' வந்தால் 'இன் த ஈவன்ட் ஆஃப்'. கரும்பலகையின் இடப்பக்கம் ஒரு வரிசை, வலப்பக்கம் ஒரு வரிசை, நடுவே ஒரு கோடு, பாடம் முடிந்தது. வாக்கியம் என்ன சொல்கிறது என்று படிக்க வேண்டியதில்லை. வேலையை முடித்தபின் போனானா, முடிக்கும்போதே போனானா, போய்த்தான் முடித்தானா என்ற கேள்வியெல்லாம் பிள்ளைக்கு வேண்டாத சுமை. சொல்லைத் தேடு, சொல்லை மாற்று, கமா போடு, மதிப்பெண் வாங்கு. ஒரு மொழி நேரத்தைச் சொல்லும் வழியை, நேரத்தைப் பற்றி ஒரு நொடியும் நினைக்காமலே கற்றுத் தேர்ந்துவிடலாம் என்று காட்டிய பாடம் வேறு எங்கும் இருக்குமா என்பது சந்தேகம்.

விடைத்தாள் திருத்துகிறவருக்கும் இதனால் கிடைக்கும் நிம்மதியைச் சொல்லியாக வேண்டும். கட்டுக்கட்டாக விடைத்தாள்கள் காத்திருக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து, அதில் முன்பின் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க யாரால் முடியும்? தொடக்கத்தில் ஹேவிங் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், பேனா தானாக டிக் போட்டுவிடும். எழுதியவரும் நினைக்கவில்லை, திருத்தியவரும் நினைக்கவில்லை. இருவருக்கும் இடையே ஒரு மனத்தாங்கலும் இல்லாமல் மதிப்பெண் கைமாறுகிறது.

இந்தப் பாடம் பிள்ளைகளை எதிலிருந்து காப்பாற்றியது என்று தெரிந்தால்தான் அதன் அருமை தெரியும். ஆகவே ஆங்கிலத்தின் உள்ளே கொஞ்சம் போய்ப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் 'இங்' என்று முடியும் எச்சத்துக்குச் சொந்தமாகக் காலம் கிடையாது. 'வொர்க்கிங் இன் எ மில்' என்று ஒருவர் தொடங்கினால், அது எந்தக் காலத்துக் கதை என்று நமக்கு இன்னும் தெரியாது. பின்னால் 'ஹீ எஜுகேட்டட் ஹிஸ் சில்ட்ரன்' என்று வந்தால் அது நேற்றைய கதை. 'ஹீ எஜுகேட்ஸ்' என்று வந்தால் இன்றைய கதை. காலத்தை முற்றுவினையிடம் கடனாக வாங்கிக்கொள்கிறது அந்த எச்சம். சரி, காலம் கிடைத்துவிட்டது. எது முந்தி, எது பிந்தி? அதையும் அது வாய் திறந்து சொல்லாது. 'ஓப்பனிங் த கேட், ஹீ கால்ட் த டாக்' என்றால் கேட்டைத் திறந்தான், பிறகு நாயைக் கூப்பிட்டான். 'சிங்கிங் எ சாங், ஹீ வாட்டர்ட் த ஃபீல்ட்' என்றால் பாடிக்கொண்டே தண்ணீர் பாய்ச்சினான். 'த வால் ஃபெல், கில்லிங் டூ கோட்ஸ்' என்றால் சுவர் விழுந்தது, அதனால் இரண்டு ஆடுகள் செத்தன. முந்தி, கூட, பிந்தி எல்லாவற்றுக்கும் ஒரே 'இங்'.

அப்படியானால் ஆங்கிலேயர் குழம்பிப் போவதில்லையா? இல்லை. அவர்கள் வினையின் தன்மையைப் பார்க்கிறார்கள். திறப்பது கண நேரத்தில் முடிகிற காரியம். அது முன்னால் நின்றால் முந்தி நடந்தது என்று கொள்கிறார்கள். பாடுவது நீளும் காரியம், ஆகவே கூடவே நடந்தது என்று கொள்கிறார்கள். அந்தத் தொடர் வாக்கியத்தின் வாலில் நின்றால் பெரும்பாலும் கூட நடந்தது, அல்லது அதன் விளைவு. இத்தனைக்கும் மேல் சந்தேகம் வருகிற இடத்தில், ஒன்று முழுக்க முடிந்த பிறகுதான் அடுத்தது நடந்தது என்று அடித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும், ஹேவிங்கைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். நல்ல ஆங்கிலம் எழுதுகிறவர்களின் பக்கங்களில் ஹேவிங் அரிதாகத்தான் தென்படும். தேவைப்பட்டால் 'ஆஃப்டர்', 'வைல்', 'பிஃபோர்' என்று நேராகவே சொல்லிவிட்டுப் போவார்கள். எந்த 'ஆஃப்டரை'யும் ஹேவிங் ஆக்கியே தீர வேண்டும் என்ற வேண்டுதல் அவர்களுக்கு இல்லை.

இந்த நுணுக்கங்களில் ஒன்றுகூட நம் பிள்ளையின் காதில் விழாமல் பார்த்துக்கொண்டது நம் பாடம். ஆங்கிலேயர் அருமையாகச் செலவிடுகிற ஒன்றை, கணக்குப் பார்க்காமல் வாக்கியத்துக்கு வாக்கியம் வாரி வழங்கியது. கடையெழு வள்ளல்களில் எவரும் இப்படிக் கொடுத்ததில்லை.

வால் பக்கம் நிற்கும் தொடரை நம் அட்டவணை முழுவதுமாகக் கைவிட்டதையும் பாராட்ட வேண்டும். எச்சத் தொடர் எப்போதும் வாக்கியத்தின் தலையில்தான் உட்கார வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். பாடம் வேறு இடத்தைக் காட்டியதே இல்லை. கோவை எக்ஸ்பிரஸ் மதியத்துக்கு மேல் இங்கே புறப்பட்டு இரவில் சென்னை சேர்கிறது. ஆங்கிலத்தில் 'த ட்ரெயின் லெஃப்ட் கோயமுத்தூர் இன் த ஆஃப்டர்நூன், ரீச்சிங் சென்னை அட் நைட்' என்று எழுதலாம். அதையே பழக்க தோஷத்தில் 'ரீச்சிங் சென்னை அட் நைட், த ட்ரெயின் லெஃப்ட் கோயமுத்தூர் இன் த ஆஃப்டர்நூன்' என்று தலைக்குக் கொண்டுபோனால், வண்டி சென்னை சேர்ந்த பிறகு கோவையை விட்டுக் கிளம்புகிறது. ரயில்வே இலாகா இத்தனை ஆண்டுகளில் சாதிக்காத வேகம் அது.

இனி நம் பக்கம் வருவோம். இந்தப் பாடத்தின் பெருமை முழுதாக விளங்க வேண்டுமானால், தமிழ் இலக்கணக்காரர்கள் நம்மை எவ்வளவு சிரமப்படுத்தினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

தொல்காப்பியர் வினையியலில் வினையெச்ச வாய்பாடுகளை எடுத்து வைக்கிறார். செய்து, செய்யூ, செய்பு, செய்தென, செய்யியர், செய்யிய, செயின், செய, செயற்கு என்று ஒன்பது. அதோடு விட்டாரா? பின், முன், கால், கடை, வழி, இடத்து என்று காலத்தைக் குறித்து வரும் சொற்களையும் அடுத்துச் சேர்த்துக்கொள்கிறார். பின்னும் முன்னும் அந்தப் பட்டியலின் தொடக்கத்திலேயே நிற்கின்றன. எது முந்தி எது பிந்தி என்ற கேள்வி அவருக்கு அவ்வளவு முக்கியமாகப் பட்டிருக்கிறது. 'செய்து' என்பது இறந்தகாலம் காட்டும் வடிவமாயிற்றே, அது எதிர்காலத்திலும் வருகிறதே என்ற சிக்கலையும் அவர் விடவில்லை. 'உழுது விதைப்பான்' என்கிறோம். உழவு இன்னும் நடக்கவில்லை, விதைப்பும் நடக்கவில்லை. இருந்தாலும் விதைப்பதற்கு உழவு முந்தி என்பதால் 'உழுது'. இப்படி 'செய்து' என்னும் எச்சத்தின் இறந்தகாலம் எதிர்காலத்துக்கும் செல்லும் என்று ஒரு நூற்பாவே செய்திருக்கிறார். பேசுகிற நேரத்தை வைத்து அளக்கும் காலம் ஒன்று, அடுத்த வினையை வைத்து அளக்கும் காலம் ஒன்று என்ற பிரிவு அதற்குள் இருக்கிறது. ஆங்கிலத்தின் ஹேவிங்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. 'ஹேவிங் ப்ளவ்ட் த லேண்ட், ஹீ வில் சோ' என்று எதிர்காலத்திலும் அது வரும். ஹேவிங்கைப் புரிந்துகொள்ள உழுது விதைப்பவனின் ஒரு வாக்கியம் போதும். நம் வகுப்பில் இதைச் சொல்வதில்லை. தமிழ் ஆசிரியரின் பாடத்தில் ஆங்கில ஆசிரியர் தலையிடுவது மரியாதை ஆகாது என்ற நாகரிகம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

அடுத்து நம் ஊர்க்காரர். நன்னூல் தந்த பவணந்தி முனிவரைக் கொங்கு நாடு தன்னவர் என்று கொண்டாடுகிறது. பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம் அவர் ஊர் என்பது இங்கத்திய வழக்கு. கொங்கு மண்டல சதகமும் அவரை இந்நாட்டின் பெருமைகளில் ஒருவராகச் சேர்த்திருக்கிறது. சீயகங்கன் என்னும் சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் நன்னூல் பிறந்தது. தொல்காப்பியரின் ஒன்பதைப் பவணந்தியார் பன்னிரண்டாக்குகிறார். ஆக்கியதும் அவற்றைக் காலத்தால் கூறு போடுகிறார்: செய்து, செய்பு, செய்யா, செய்யூ, செய்தென என்ற ஐந்தும் இறந்தகாலம், செய என்ற ஒன்று நிகழ்காலம், செயின், செய்யிய, செய்யியர், வான், பான், பாக்கு என்ற ஆறும் எதிர்காலம். ஐந்து, ஒன்று, ஆறு. ஒரு நூற்பாவுக்குள் அடக்கிவிட்டார்.

அந்த 'செய' என்ற ஒன்றும் லேசுப்பட்டதில்லை. 'மழை பெய்ய, சோளம் முளைத்தது' என்றால் மழை முந்தி, அதுவே காரணம். 'பொழுது சாய, ஆடுகள் பட்டிக்கு வந்தன' என்றால் சாய்வதும் வருவதும் ஒரே நேரம். 'தண்ணீர் பாய்ச்ச வந்தான்' என்றால் வந்தது முந்தி, பாய்ச்சுவது இனிமேல். ஆங்கிலத்தின் 'இங்' போலவே ஒரு வடிவம் மூன்று நேரத்துக்கு நிற்கும் இடம் தமிழிலும் உண்டு. உரைகாரர்கள் அதைக் கவனித்து இடம் பிரித்துக் காட்டினார்கள். அவர்கள் எழுதி வைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு 'ஓப்பனிங்', 'சிங்கிங்', 'கில்லிங்' மூன்றையும் ஒரே பாடவேளையில் ஒரு கொங்கு நாட்டுப் பிள்ளைக்கு விளக்கிவிடலாம். சீனாபுரத்துக்காரர் ஏற்கெனவே கால் வழி போட்டுக் கொடுத்திருக்கிறார். அட்டவணை ஒன்று இருக்கும்போது அவருக்கு எதற்குத் தொந்தரவு என்று நாம்தான் விட்டுவிட்டோம்.

பாடம் தேர்வோடு நின்றுவிடவில்லை என்பதையும் அதன் புகழில் சேர்க்க வேண்டும். அது தொழிற்சாலைக்கும் வருகிறது.

கோவை பம்புசெட்டுக்குப் பேர்போன ஊர். இங்கே செய்யும் பம்பு பல மாநிலங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போகிறது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு கையேடும் போகிறது. சாதாரண மோனோபிளாக் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட விடுவதற்கு முன்னால் அதன் கூட்டுக்குள்ளும் உறிஞ்சு குழாய்க்குள்ளும் தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பிரைமிங் என்பார்கள். உள்ளே காற்று நின்றால் இம்பெல்லர் எவ்வளவு சுற்றினாலும் கிணற்றுத் தண்ணீரை மேலே இழுக்கும் அளவுக்கு உறிஞ்சாது; காற்றுக்கு எடை போதாது. அதைவிட மோசம், தண்ணீர் இல்லாமல் ஓடினால் மெக்கானிக்கல் சீலின் இரண்டு முகங்களும் நடுவில் நீர்ப்படலம் இல்லாமல் உராய்ந்து சூடேறி அழிந்துபோகும். ஆக, இந்த வேலையில் எல்லாமே முன்பின்தான். தண்ணீர் முந்தி, சுவிட்சு பிந்தி.

இதைப் பள்ளிப் பாடத்தில் தேறிய கை எழுதினால் எப்படி வரும்? 'ஃபில்லிங் த கேசிங் வித் வாட்டர், ஸ்டார்ட் த மோட்டார்.' இலக்கணப்படி குற்றம் சொல்ல முடியாத அழகான சிம்பிள் சென்டன்ஸ். நிரப்பி முடித்துவிட்டுப் போடுவதா, நிரப்பிக்கொண்டே போடுவதா என்று மட்டும் அது சொல்லாது. எங்கோ ஒரு தோட்டத்தில், நம்மைப் போலவே ஆங்கிலத்தைப் பள்ளியில் படித்த ஒருவர், ஒரு கையில் குடமும் மறு கையில் சுவிட்சுமாக நின்று யோசிக்க வேண்டியதுதான். 'ரிமூவ் த கவர், ஸ்விட்சிங் ஆஃப் த மெயின்' என்று எழுதினால் நிலைமை இன்னும் கெட்டது. வாலில் நிற்பது கூட நடப்பதையோ பிந்தி நடப்பதையோ குறிக்கும் என்று முன்பே பார்த்தோம். மின்சாரத்தை நிறுத்துமுன் மூடியைக் கழற்றச் சொல்கிறது வாக்கியம். இதையே நம் தோட்டத்துக்காரரிடம் வாயால் சொல்லும்போது யாரும் தடுமாறுவதில்லை. 'மெயினை அமத்திப்போட்டு மூடியைக் கழட்டுங்', 'தண்ணி ரொப்பிப்போட்டு மோட்டாரைப் போடுங்'. அந்தப் 'போட்டு' ஒன்று நிற்கிறதே, அதற்குள் முடிவும் இருக்கிறது, முறையும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது.

விமானம் பழுது பார்க்கிறவர்களுக்காக 1980களில் ஐரோப்பியத் தொழில்துறையினர் எளிமைப்படுத்திய ஆங்கிலம் ஒன்றை வரையறுத்தார்கள். இன்று ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்ற பெயரில் அது நடைமுறையில் இருக்கிறது. கையேட்டைப் படிக்கிறவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை, தப்பாகப் புரிந்துகொண்டால் உயிர் போகும் என்பதுதான் அதற்குக் காரணம். அந்த விதிகளில் வினையின் 'இங்' வடிவம் கூடாது. கலைச்சொல்லின் பகுதியாக வந்தால்தான் அனுமதி. ஒரு வாக்கியத்துக்கு ஒரு கட்டளைதான். இரண்டு செயல்கள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியிருந்தால் மட்டும் சேர்த்து எழுதலாம். செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. 'ஃபில் த கேசிங் வித் வாட்டர். தென் ஸ்டார்ட் த மோட்டார்.' இவ்வளவுதான். நம் பள்ளி அட்டவணைப்படி பார்த்தால் இது சிறுபிள்ளை ஆங்கிலம். இரண்டையும் ஒட்டி ஒன்றாக்கத் தெரிந்தவர்தான் நம்மிடம் தேர்ந்தவர். விமானத் தொழில்காரர்கள் பயந்து ஒதுக்கிய ஒன்றை ஒவ்வொரு கிராமத்துப் பிள்ளைக்கும் அஞ்சாமல் பழக்கிவிட்டிருக்கிறோம். இந்தத் துணிச்சலை மெச்சாமல் இருக்க முடியாது.

வேலைக்கு மனுப் போடும் பருவத்தில் இந்தப் பாடம் இன்னொரு வரம் தருகிறது. பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் கல்லூரி முடித்து வருகிற பிள்ளைகளின் கடிதங்களை வாசிக்கும் யாருக்கும் இந்த வாக்கியம் புதிதாக இருக்காது: 'ஹேவிங் கம்ப்ளீட்டட் மை டிகிரி, யுவர் கம்பெனி இஸ் த ரைட் ப்ளேஸ் ஃபார் மீ.' படித்தது பிள்ளை. பட்டம் வாங்கியது கம்பெனி. 'கெட்டிங் டவுன் அட் காந்திபுரம், மை பேக் வாஸ் மிஸ்ஸிங்' என்றால் பஸ்ஸை விட்டு இறங்கியது பை. எச்சத்துக்கு உரிய ஆள் ஒருவர், முற்றுவினைக்கு உரிய ஆள் வேறொருவர் என்று ஆகிவிடுவதால் வரும் கோளாறு இது. ஆங்கில இலக்கண நூல்கள் இதைத் தொங்கும் எச்சம் என்று பெயரிட்டுக் கண்டிக்கின்றன.

தொல்காப்பியர் இந்த இடத்துக்கும் முந்தியே வந்து நிற்கிறார். ஒன்பது வாய்பாடுகளில் முதல் மூன்றும், அதாவது செய்து, செய்யூ, செய்பு என்பவை, தம்மைச் செய்த அந்த வினைமுதலின் வினையையே கொண்டு முடிய வேண்டும் என்கிறார். மற்றவை அப்படியும் முடியலாம், வேறொருவர் வினையைக் கொண்டும் முடியலாம். 'நான் இறங்கி, பை காணவில்லை' என்று தமிழில் எழுதினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் காதில் உறுத்தும். 'நான் இறங்கியபோது பையைக் காணவில்லை' என்று தானாகவே திருத்திக்கொள்ளும். 'செய்து'வுக்கும் 'செய்தபோது'வுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பிள்ளை யாரிடமும் படிக்கவில்லை; தாயின் பேச்சில் இருந்து எடுத்துக்கொண்டது. இந்தக் காது இருக்கிறவர்களுக்குத் தொங்கும் எச்சத்தைக் கற்றுத் தருவது மிகச் சுலபம். உன் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார், காதில் உறுத்துகிறதா என்று கேட்டாலே போதும். ஆனால் ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்ற ஒழுங்கைப் பல பள்ளிகள் கண்ணும் கருத்துமாகக் காத்து வருகின்றன. பிள்ளையிடம் இருக்கும் ஒரே அளவுகோலை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டு உள்ளே அனுப்பும் இந்தக் கட்டுப்பாட்டுக்கும் ஒரு வணக்கம்.

அந்த அளவுகோல் எப்படிப்பட்டது என்று சொல்லாமல் நகர மனம் வரவில்லை. கொங்கு வீட்டில் காலையிலிருந்து இரவு வரை ஒரு தாய் பேசுவதைக் கேளுங்கள். 'கண்ணு, தண்ணி வாத்துப்போட்டு வா, சோறு போடறேன்' என்றால் குளித்து முடித்தால்தான் சோறு. 'பேசிட்டே திங்காத' என்றால் இரண்டும் சேர்ந்து நடக்கிறது, ஒன்றை நிறுத்து. 'நான் வாரதுக்குள்ள முடிச்சிரு' என்றால் எல்லைக்கோடு. 'பொழுது எறங்கறக்கு முந்தி வந்துரு' என்றால் இன்னொரு எல்லைக்கோடு. 'அப்பா வந்தவொடனே சொல்லு' என்றால் நடுவில் இடைவெளி கூடாது. 'வாரப்ப வாங்கிட்டு வா' என்றால் வரும் வழியில். 'பேசிட்டு' என்பதற்கும் 'பேசிப்போட்டு' என்பதற்கும் 'பேசிட்டே' என்பதற்கும் இங்கே யாரும் குழம்புவதில்லை. முறைத் தண்ணீருக்குக் காத்திருக்கும் வாய்க்கால் பாசனத்தில் மடையைத் திருப்பிப்போட்டுப் போவதற்கும் திருப்பாமல் போவதற்கும் இடையில் ஒரு பயிரே இருக்கிறது. நேரத்தைப் பிழையில்லாமல் சொல்ல வேண்டிய தேவை இந்த மண்ணின் பேச்சைக் கூர்மையாக்கியிருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன்.

இந்தப் பேச்சை 1942இல் ஆர். ஷண்முகசுந்தரம் 'நாகம்மாள்' நாவலில் கொண்டுவந்து வைத்தார். தமிழ் நாவலில் வட்டார வழக்குக்கு அது தொடக்கம் என்கிறார்கள். பெருமாள் முருகன் கொங்குச் சொற்களைத் திரட்டி அகராதியே செய்தார். இலக்கியத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஆங்கில வகுப்புக்குள் மட்டும் அதற்கு அனுமதி இல்லை. அது உள்ளே வந்துவிட்டால் 'வாத்துப்போட்டு வா' ஹேவிங் ஆகும், 'பேசிட்டே' வைல் ஆகும், 'வந்தவொடனே' ஆஸ் சூன் ஆஸ் ஆகும், 'முந்தி' பிஃபோர் ஆகும் என்று பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு நோட்ஸ் விற்கிறவர்களும் ட்யூஷன் நடத்துகிறவர்களும் என்ன செய்வார்கள்? ஒரு தொழிலையே வாழ வைத்துக்கொண்டிருக்கிறது நம் அட்டவணை.

ஆசிரியர்களைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. கேள்வித்தாள் எதைக் கேட்கிறதோ அதைத்தான் அவர்கள் நடத்த முடியும். அதிலும் ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை பாடவேளை என்பது நமக்குத் தெரியாததில்லை. ஆங்கிலத்தையும் குறை சொல்ல மாட்டேன். எல்லா நேரத்துக்கும் ஒரே 'இங்'கை வைத்துக்கொண்டு, அதை வைக்கிற இடத்தாலேயே முன்பின் காட்டிவிடுகிற மொழி அது. அதற்கென்று ஓர் அழகு இருக்கிறது. அந்த அழகை நம் பிள்ளைகள் பார்க்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். பார்க்கத் தேவையான கண் அவர்களிடம் இருக்கிறது, வேறு பல நாட்டுப் பிள்ளைகளைவிடக் கூர்மையாகவே இருக்கிறது. வினையெச்சத்தை அடுக்கடுக்காகக் கோத்துப் பேசும் மொழியில் பிறந்தவர்கள் அவர்கள். வந்து, பார்த்து, பேசி, முடித்துப்போட்டுப் போனான் என்று மூச்சு விடாமல் வரிசையாகச் சொல்கிறவர்கள். இவர்களைப் பார்த்து, மாற்று, ஒட்டு, நினைக்காதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பாடத்திட்டம் வகுக்கும் பெரியவர்களுக்கும் கேள்வித்தாள் தயாரிக்கிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இந்த அட்டவணை நெடுங்காலம் உழைத்துவிட்டது. எண்ணற்ற பிள்ளைகளைத் தேர்ச்சி பெற வைத்துவிட்டது. அதற்குப் பொன்னாடை போர்த்தி, மாலை போட்டு, மரியாதையாக ஓய்வு கொடுங்கள். அதன் இடத்தில் ஒரே ஒரு கேள்வியை வையுங்கள்: இரண்டு செயல்கள் உள்ள ஒரு பத்தியைக் கொடுத்து, எது முந்தி நடந்தது, எப்படித் தெரியும் என்று கேளுங்கள். பிள்ளை முதலில் தமிழில் யோசித்துப் பதில் எழுதட்டும், பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும். ஆசிரியர்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன்: அந்தப் பாடவேளையில் தமிழுக்கு அபராதம் வேண்டாம். பெற்றோர்கள் இன்று சாயங்காலமே தொடங்கலாம். பிள்ளை வீட்டுப்பாடத்தில் ஹேவிங் எழுதியிருந்தால், அந்த வாக்கியத்தை நம் ஊர்ப் பேச்சில் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.